பேருக்கு ஒரு முதலாளி

அக்கா ஒரு பக்கத்தை வாசிக்க நாலு நிமிடம் எடுத்துக்கொள்வார். தெரியாத சொல் இருந்தால் ஏழெட்டு நிமிடம் ஆகும். இதை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அவர் வாசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் எதிரே உட்கார்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். எல்லர்ஸ்லி என்ற புறநகரில் நெடுஞ்சாலை இரைச்சல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும் ஒரு மாடி அலுவலகம். அங்கே எனக்குப் பல வேலைகள் இருந்தாலும், முக்கியமான வேலை கையெழுத்து வாங்குவது.

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் மஞ்சள் ஒட்டுச்சீட்டு வைத்துக் கொடுப்பேன். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பல் டாக்டர்கள், மயக்க மருந்து டாக்டர்கள், நன்றாகச் சம்பாதிக்கும் ஐடி ஆட்கள். அவர்கள் மஞ்சள் சீட்டைப் பார்த்துப் பார்த்துப் புரட்டி, மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, கார் நிறுத்திய இடத்தில் நேரம் தாண்டிவிடும் என்று ஓடுவார்கள்.

அக்கா முதல் நாள் வந்தபோது அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்தார்.

"இது இருந்தா கண் அங்கதான் ஓடும் பிள்ளை. நீர் இருந்து உம்மட வேலையைப் பாரும். நான் வாசிச்சுப்போட்டு வைக்கிறன்."

"அக்கா, எல்லாம் ஒரே மாதிரி பேப்பர்தான். இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு, அவ்வளவுதான்."

"ஓம். ஆனா என்ர பேர் தானே?"

இருபத்திரண்டு பக்கம். உள்ளறையிலிருந்து எங்கள் முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை, "என்ன, இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டார். "பதினோராம் பக்கம், அத்தான்" என்றார் அக்கா, தலையைத் தூக்காமலே. முதலாளி அக்காவின் மூத்த சகோதரியின் கணவர். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் திருச்சி. இவரை நான் அக்கா என்றும் அவரை சார் என்றும் கூப்பிடுவேன். சார் என்ற சொல்லே தனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது என்று அவர் சொல்வார். சிரிக்கவும் செய்வார். மோசமான மனிதர் என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. என் மகள் பிறந்தபோது குழந்தையைக் காரில் உட்காரவைக்கும் இருக்கையை அவர்தான் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

என் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. என் கணவர் கூரியர் வேன் ஓட்டினார், அவருடைய விசா என் விசாவோடு கட்டப்பட்டிருந்தது. அதனால் அலுவலகத்தில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் எனக்கு விசாதான் நினைவுக்கு வரும். அக்கா வேலை செய்ததோ பாட்டனி டவுன்ஸில் ஒரு பெரிய கடையின் பேக்கரிப் பகுதியில். விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி இதுதான்.

"நாமினி எண்டா என்ன, பிள்ளை?"

"அதுவாக்கா... பேருக்கு உரிமையாளர்னு அர்த்தம்."

"பேருக்கு எண்டா?"

"பேருக்குன்னா, சும்மா பேருக்குத்தான்க்கா."

"யாற்ற பேருக்கு?"

"உங்க பேருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "என்ர பேர் சும்மா இல்லையே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார்.

எங்கள் அலுவலகம் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் சிலர் சேர்ந்து ஒரு பார்ட்னர்ஷிப் ஆவார்கள். அந்தப் பார்ட்னர்ஷிப் பழங்களைத் தரம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கும். விலையில் கொஞ்சம் அவர்கள் பணம். மீதி கடன், அதுவும் எங்களுடைய இன்னொரு கம்பெனி காகிதத்தில் கொடுத்த கடன். இயந்திரத்தை மூன்றாவது கம்பெனி ஒன்றுக்கு லீஸுக்கு விடுவார்கள். இயந்திரம் தேய்கிறது, கடனுக்கு வட்டி ஏறுகிறது, ஆக நஷ்டம். அந்த நஷ்டத்தைக் காட்டி டாக்டர்கள் தங்கள் சம்பளத்தின் வரியைக் குறைத்துக்கொள்வார்கள். பார்ட்னர்ஷிப்புக்கு மேலே ஒரு பார்ட்னர்ஷிப், அதற்கு மேலே ஒரு கம்பெனி. இப்படியே ஏறிக்கொண்டு போனால் உச்சியில் ஒரே ஒரு உரிமையாளர், ஒரே ஒரு டைரக்டர். பேக்கரியில் காலை ஆறு மணிக்குப் பன் தட்டு அடுக்கும் அக்கா.

அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை. இருபத்திரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, "மிஷினைப் பாக்க வேணும்" என்றார்.

முதலாளி சிரித்துவிட்டார். "மிஷினைப் பாத்து நீ என்ன செய்யப் போறாய்?"

"என்ர எண்டு போட்டிருக்கு. நம்பரும் போட்டிருக்கு. ஒருக்காப் பாத்தா என்ன அத்தான்?"

முதலாளி என்னைப் பார்த்து, "கூட்டிக்கொண்டு போய்க் காட்டு பிள்ளை, இல்லாட்டி இவ விடமாட்டா" என்றார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் எல்லர்ஸ்லியிலிருந்து ஒனிஹங்காவுக்கு ரயிலில் போனோம். கால் மணி நேரப் பயணம்தான். அக்கா ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த எல்லா அறிவிப்புகளையும் வாசித்தார். அவசரக் கதவை எப்படித் திறப்பது என்பதை மூன்று படிகளாக எனக்கு விளக்கினார். அவருடைய மகளுக்குப் பதினைந்து வயது. "அம்மா, நோபடி ரீட்ஸ் தட்" என்பதுதான் அந்த வீட்டில் ஒரு நாளில் அதிகம் கேட்கும் வசனம் என்றார். போனில் ஏதாவது புதிதாக இறக்கினால்கூட 'சம்மதம்' என்று அழுத்துவதற்கு முன் கீழே வரைக்கும் உருட்டி வாசிப்பாராம். மகள் அறையை விட்டே போய்விடுவாளாம்.

கடையில் நடந்த ஒன்றையும் சொன்னார். ஒரு நாள் பிஸ்கட் பெட்டிகளுக்கு ஒட்ட வேண்டிய லேபிள் கட்டாக வந்தது. எல்லோரும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் வாசித்தார். உள்ளே பாதாம் இருக்கிறது, லேபிளில் பாதாம் இல்லை. மேலாளரிடம் சொன்னபோது அவள் சலித்துக்கொண்டாள். பிறகு தானே ஒரு லேபிளை எடுத்து வாசித்துவிட்டு, ஓடிப்போய் அலமாரியிலிருந்து பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"அவளின்ர பெடியனுக்குப் பாதாம் ஒத்துக்கொள்ளாதாம். அண்டைக்குப் பின்னேரம் வீட்டுக்கு ஒரு பெட்டி எடுத்து வைச்சிருந்தவளாம்."

பென்ரோஸ் நிலையம் தாண்டி ரயில் மெதுவானபோது, நான் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார். இவருக்கும் மூத்த சகோதரிக்கும் ஒரே ஒரு தம்பி. நாட்டில் பிரச்சினை நடந்த காலத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் அலைந்த பிறகு, ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் ஒரு கடிதத்தை நீட்டி, கையெழுத்து வை, நாளைக்கு விடுகிறோம் என்றார்கள். இவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வைத்துவிட்டார். தம்பியை நல்ல நிலையில் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று அதில் எழுதியிருந்தது.

"பிறகு எங்க போய்க் கேட்டாலும் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுவினம். இது உன்ர கையெழுத்தோ எண்டு கேப்பினம். ஓம் எண்டுதான் நான் சொல்ல வேணும்."

இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒனிஹங்கா வந்துவிட்டது, இறங்கினோம்.

இயந்திரம் ஒரு தகரக் கொட்டகையில் தார்ப்பாயால் மூடி நின்றது. கொட்டகைக் காவலுக்கு இருந்த சமோவாக்காரர் தார்ப்பாயை விலக்கினார். நீண்ட பட்டை, பக்கத்தில் சிறு சிறு கண்ணாடிப் பெட்டிகள், எல்லாவற்றின் மேலும் தூசு. அக்கா குனிந்து, முழந்தாளிட்டு, அடியில் திருகியிருந்த தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். அதில் இருந்த நம்பரைத் தாளில் இருந்த நம்பரோடு ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து ஒப்பிட்டார். சரியாக இருந்தது.

"ஓடுமோ?" என்று காவலரிடம் கேட்டார்.

அவர் தோளைக் குலுக்கினார். "நான் வந்ததிலிருந்து அது ஓடிப் பார்த்ததில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

அக்கா அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னதாக இனிஷியல் போட்டு, கடைசிப் பக்கத்தில் தமிழில் தன் முழுப்பெயரை எழுதினார். ஆங்கிலத்தில் போட்டால் நல்லது என்று நான் சொன்னதற்கு, "இதுதான் என்ர பேர்" என்றார். கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ஒரு வருடத்தில் இப்படி நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் வாசித்தார். ஒவ்வொரு முறையும் கேள்வி. ஒரே இயந்திரத்தை இந்தப் பார்ட்னர்ஷிப்பிடமிருந்து அந்தப் பார்ட்னர்ஷிப் ஏன் லீஸுக்கு எடுக்கிறது? இரண்டிலும் என் பெயர்தானே இருக்கிறது? என்னிடமிருந்து நானே வாடகைக்கு எடுக்கிறேனா? எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை முதலாளியிடம் கேட்டு வந்து சொல்வேன். அந்தக் காகிதங்களை அச்சடித்தவள் நான். நான் ஒரு தடவைகூட முழுதாக வாசித்ததில்லை. வாசித்தால் இந்த வேலையைச் செய்ய முடியாமல் போய்விடும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "இவ்வளவு யோசிக்கிறீங்களே, பின்ன ஏன்க்கா கையெழுத்துப் போடுறீங்க?"

"வீடு வாங்கேக்க அத்தான்தான் பாங்குக்குப் பிணை நிண்டவர். என்ர அக்காவும் வந்து கேட்டவ. மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஆனா கண்ணை மூடிக்கொண்டு வைக்க மாட்டன். என்னத்துக்கு வைக்கிறன் எண்டு தெரிஞ்சுதான் வைப்பன்."

அந்தப் பதில் என்னை ஏனோ கலவரப்படுத்தியது. தெரியாமல் வைப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை.

ஆறாவது கட்டுக் காகிதம் வந்தபோது மார்ச் மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. வரி வருடம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் டாக்டர்களுக்கு நஷ்டம் காட்டியாக வேண்டும். இம்முறை புதிதாக மூன்று இயந்திரங்கள். அக்கா முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இது மூண்டும் எங்க நிக்குது, அத்தான்?"

"தௌராங்கா பக்கம். பழத் தோட்டக்காரரிட்ட."

"சரி. அங்க பஸ் போகுது தானே. ஞாயிற்றுக்கிழமை நான் லீவு."

"உனக்கு என்னில நம்பிக்கை இல்லையோ?"

"நம்பிக்கை இருக்கு. நம்பர்தான் பாக்க வேணும்."

முதலாளி முகம் சிவந்து போனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். "இந்தப் பேப்பரில வேற ஒண்டும் இருக்கு" என்றார் அக்கா, விரலை ஒரு வரியில் வைத்து. "திகதி. போன செப்டெம்பர் எண்டு போட்டிருக்கு. இண்டைக்கு மார்ச்." காகிதங்களை அடுக்கி மேசையில் தட்டி ஒழுங்காக்கி, முதலாளியின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.

மூன்று நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முதலாளி அதே கட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். மழை பெய்துகொண்டிருந்தது.

"அவ நேற்று எங்கட வீட்டுக்கு வந்து வைச்சுத் தந்திட்டா. நீ சாட்சிக் கையெழுத்தை மட்டும் போட்டு விடு பிள்ளை."

புரட்டினேன். இருபத்தாறு பக்கம். எந்தப் பக்கத்தின் அடியிலும் இனிஷியல் இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் தமிழில் அக்காவின் பெயர்.

"சார், அக்கா ஒவ்வொரு பக்கத்துலயும் இனிஷியல் போடுவாங்களே."

அவர் என் மேசையில் இருந்த மகளின் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"உன்ர ரெசிடென்ஸுக்கு லெட்டர் கேட்டிருந்தனீ தானே? மறந்தே போனன். நாளைக்கு அடிச்சுத் தாறன்."

அவர் மிரட்டவில்லை. குரல் அன்பாகவே இருந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க வேண்டிய அந்தக் கடிதத்துக்காக நான் ஐந்து மாதமாகக் காத்திருந்தேன். கையெழுத்துப் போட எனக்கு இரண்டு விநாடிதான் ஆனது. மறுநாள் காலை கடிதம் என் மேசையில் இருந்தது. என்னைப் பற்றி நல்லபடியாக எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன். அக்கா வழக்கம்போல் செய்தி அனுப்புவார். பேக்கரியில் மிஞ்சிய ரொட்டி இருக்கிறது, வந்து எடும். மகளுக்குக் காய்ச்சல் சுகமோ? நான் ஒற்றைச் சொல்லில் பதில் போடுவேன். என்னவென்று என் கணவர் கேட்டால், வேலை அதிகம் என்பேன். தௌராங்காவுக்கு அக்கா பஸ்ஸில் போகவில்லை என்பதை அவர் செய்திகளிலிருந்தே தெரிந்துகொண்டேன். முதலாளி அவரிடம், அந்த வேலையையே விட்டுவிட்டோம், இனிக் கையெழுத்துத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார்.

குளிர்காலத்தில் வரித்துறையிலிருந்து அக்காவின் வீட்டுக்குக் கடிதம் போயிற்று. அவர் டைரக்டராக இருக்கும் கம்பெனியின் ஆவணங்களின் நகல் ஆறும் அதனோடு இருந்தன. ஒரு ஞாயிறு மத்தியானம் போன் வந்தது.

"நீர் வீட்டில நிக்கிறீரோ? நான் வாறன்."

எங்கள் வாடகை வீடு எல்லர்ஸ்லி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் வந்து, ஈரமான குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஆறு கட்டுகளையும் பிரித்து வைத்தார். ஐந்தை ஒரு பக்கமாக நகர்த்தினார். ஆறாவதை என் முன்னால் வைத்தார்.

"இது நான் வாசிக்காதது."

நான் அதைத் தொடவில்லை. அவரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"இது உம்மட கையெழுத்து தானே?"

"ஆமாக்கா."

"நான் அண்டைக்கு அங்க வந்தனானோ?"

"இல்லக்கா."

குழந்தை அறைக்குள் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அக்கா அந்தச் சத்தம் வந்த பக்கம் ஒரு கணம் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கினம். கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவன். நீர் அதுக்கு முதல் நீராப் போய்ச் சொன்னா உமக்கு நல்லம்" என்றார். தேநீர் போட்டிருந்தேன். அதைக் குடிக்காமல் போய்விட்டார்.

மூன்று நாள். என் கணவர் முதலில் நம்பவே இல்லை. பிறகு கோபப்பட்டார். பிறகு பயந்தார். "போகாத. வேலை போச்சுன்னா விசா போச்சு. மூணு பேரும் பெட்டியக் கட்ட வேண்டியதுதான். யாரு கேட்டாலும் அந்தம்மா முன்னாலதான் போட்டாங்கன்னு சொல்லிடு. நீயும் சாரும் ஒண்ணு சொன்னா அவங்க ஒருத்தி சொல்றதயா நம்புவாங்க?"

அவர் சொன்னது சரியென்றுதான் எனக்கும் பட்டது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நானும் முதலாளியும் ஒரே வார்த்தையைச் சொன்னால், அக்கா எங்கே போய்க் கேட்டாலும் ஒரு காகிதத்தைக் காட்டி, இது உன் கையெழுத்துதானே என்பார்கள். முன்பு ஒரு தடவை அவருக்கு நடந்ததுதான். இம்முறை அதைச் செய்பவள் நானாக இருப்பேன். முதலாளிக்கும் அந்தக் கதை தெரியும். அது அவர் மனைவிக்கும் தம்பிதானே.

புதன்கிழமை காலை வரித்துறை அலுவலகத்துக்குப் போனேன். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். தண்ணீர் வைத்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டபோது அவர் உங்கள் எதிரில் இருந்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதையே மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று தடவையும் இல்லை என்றேன். ரெசிடென்ஸ் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே வேலை போயிற்று. ஒரு மாதத்தில் அலுவலகமே மூடப்பட்டது.

டாக்டர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, மஞ்சள் சீட்டு இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டோம், வாசிக்கவில்லை. வரியையும் அதற்கு மேல் கொஞ்சம் அபராதத்தையும் கட்டிவிட்டு அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

அக்காவுக்கு இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். மலேசியத் தமிழ்ப் பெண், கெட்டிக்காரர். என் வாக்குமூலத்தின் நகல் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். அக்காவின் பக்கத்தில் உட்காரத் தயங்கி, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

"பொய்க் கையெழுத்து விஷயம் நமக்கு ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார் வழக்கறிஞர். "மத்த அஞ்சு பேப்பருக்கு நீங்க ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும் அக்கா. இங்கிலீஷ் சரியா புரியல, வீட்டு ஆளு கேட்டாரு, வாசிக்காம சைன் பண்ணிட்டேன். அவ்ளோதான் லா. எல்லாரும் அதத்தான் சொல்லி வெளிய வந்துட்டாங்க."

"நான் வாசிச்சனான்" என்றார் அக்கா.

"தெரியும் அக்கா. ஆனா..."

"வாசிச்சனான். விளங்காததை இவவிட்டக் கேட்டு விளங்கிக்கொண்டனான். மிஷின் ஓடாதெண்டும் தெரியும். பேருக்குத்தான் என்னை வைச்சிருக்கினம் எண்டும் தெரியும். தெரிஞ்சுதான் வைச்சனான். அந்த ஒண்டு என்ர இல்லை. மற்ற ஐஞ்சும் என்ரதான்."

வழக்கறிஞர் பேனாவை மூடினார். "அப்படிச் சொன்னா தெரிஞ்சே செஞ்சதா ஆயிடும். உங்களுக்குப் புரியுதா?"

"விளங்குது. ஆனா வாசிக்காமல் வைக்கிற ஆள் நான் எண்டு சொன்னா, அந்த ஆறாவதையும் அப்பிடித்தான் வைச்சிருப்பாய் எண்டு அவையள் சொல்லமாட்டினமோ?"

வழக்கறிஞர் என் பக்கம் திரும்பி, இவரை நீங்களாவது சம்மதிக்க வையுங்கள் என்பது போலப் பார்த்தார். அக்காவிடம் எதையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நான் தரையைப் பார்த்தேன்.

அவர் சொன்னபடியே சொன்னார். ஆறாவது கையெழுத்து அவருடையது இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். மற்ற ஐந்துக்கும் தெரிந்தே உடன்பட்டவர் என்று எழுதினார்கள். அபராதம் தவணையாகக் கட்ட வேண்டும். சில வருடங்களுக்கு எந்தக் கம்பெனிக்கும் டைரக்டராக இருக்கக் கூடாது. "பன் அடுக்க டைரக்டர் பதவி தேவையில்லை" என்று அக்கா சொன்னதாக வழக்கறிஞர் பிறகு என்னிடம் சொன்னார். முதலாளிக்கு வீட்டுக்காவல் தண்டனை. பிணை நின்றவரே விழுந்துவிட்டதால் அக்கா தன் பாட்டனி டவுன்ஸ் வீட்டை விற்க வேண்டியதாயிற்று. மூத்த சகோதரி அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என் புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று கோவில் வாசலில் வைத்துச் சொன்னாராம்.

எங்களுக்கு ஒன்றரை வருடம் அலைச்சல். பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு அலுவலக வேலை கிடைத்தது. விசாக்காரர்கள் நடந்ததைக் கேட்டார்கள். நானாகவே போய்ச் சொன்னேன் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ரெசிடென்ஸ் வந்தது. பொய்ச் சாட்சி போட்டவளுக்கு வந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அக்காவிடம் யார் மூலமாகவாவது தெரிவதற்கு முன் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அதற்கும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

அக்கா வீட்டார் அப்போது பாப்பட்டோய்ட்டோயில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். அக்கா மெலிந்திருந்தார். கதவைத் திறந்ததும், "உள்ளுக்கு வாரும், ஏன் வெளியில நிக்கிறீர்?" என்றார். சொன்னேன். கடிதம் வந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"நல்லது. பிள்ளைக்கு நல்லது" என்றார். முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் இப்ப அழுறீர்?"

"உங்களப் பாக்க வரவே பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கும்தான். நீர் வந்தா என்ன கதைக்கிறதெண்டு."

சமையலறைக்குப் போனார். பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. தட்டோடு திரும்பி வந்து, அதை என் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டார்.

"நீர் கையெழுத்து வைச்சதை நான் விளங்கிக்கொண்டன். விசா, பிள்ளை, எல்லாம் விளங்குது. ஒண்டுதான் விளங்கேல்லை. அண்டைக்குப் பின்னேரம் எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம் தானே? என்ர நம்பர் உம்மட்ட இருந்தது."

"இருந்துச்சுக்கா."

அவர் தலையை ஆட்டினார். சோறு போட்டார், பருப்பு விட்டார், இன்னும் ஒரு கரண்டி வேண்டுமா என்று கேட்காமலே போட்டார். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.